சின்னஞ்சிறு மந்தையும் காவல் நிலமும்

ஆண்டுகள் பலவற்றுக்கு முன் ஒரு காலைப் பொழுது. ஸஹீஹுல் புகாரி பாடம் நடந்துகொண்டிருந்தது. அறப்போர் பற்றிய பாகத்தின் இடையே, போரோடு யாதொரு தொடர்பும் இல்லாதது போலத் தோன்றும் ஒரு செய்தி வரும். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஹுனைய் என்னும் தம் பணியாளரை மேய்ச்சல் நிலமொன்றுக்குக் காவலராக அமர்த்துகின்றார்கள். மக்களிடம் மென்மையாக நடந்துகொள்ளும்படியும், அநீதிக்குள்ளானவனின் முறையீட்டை அஞ்சும்படியும் அறிவுறுத்துகின்றார்கள். பின்னர், சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடும்படியும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி), உதுமான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகள் வந்தால் எச்சரிக்கையாயிருக்கும்படியும் கட்டளையிடுகின்றார்கள்.

அச்செய்தியில் 'குனைமா' என்றொரு சொல் வருகின்றது. 'கனம்' என்றால் ஆட்டு மந்தை. அதன் தஸ்கீர், அதாவது குறுமைப் பெயர், 'குனைமா'. ஸர்ஃபு படித்த மாணவர் எவரும் அறிந்த இலக்கணந்தான். ஆயினும் அக்குறுமையில் எண்ணிக்கையின் சிறுமை மட்டுமன்றி, ஒரு பரிவும் ஒலிக்கின்றது. சின்னஞ்சிறு மந்தை என்றால் ஓரளவு பொருந்தும்.

பாடத்தின் நடுவே ஒரு மாணவர் எழுந்தார். கரிசல் காட்டுப் பக்கத்தவர். ஆடு மேய்த்த குடும்பத்தவர். "ஹஜ்ரத், தண்ணீரும் புல்லும் எல்லாருக்கும் பொது என்று முன்பு படித்தோம். இங்கே ஏழைக்கு ஒரு நீதி, செல்வருக்கு ஒரு நீதியாக அல்லவா இருக்கின்றது? அதுவும் சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் இருவரையா தடுப்பது?" என்று வினவினார். அது அமீருல் முஃமினீன் அவர்களின் இஜ்திஹாது என்று சொல்லிவிட்டு நாம் ஏட்டைப் புரட்டிவிட்டோம். சொன்னது பிழையன்று, ஆனால் விடையும் அன்று. அம்மாணவருக்கு நாம் பட்ட கடன் நெடுநாளாய் நெஞ்சில் கிடந்தது. அதனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

மந்தை என்பது எத்தனை?

சின்னஞ்சிறு மந்தை என்பதற்கு ஷரீஅத் ஓர் அளவை மறைமுகமாகத் தந்துள்ளது. ஆட்டுக்கு ஸகாத் கடமையாகும் தொடக்க அளவு 40. அதற்கு ஒன்று குறைந்து 39 ஆயினும் கடமை இல்லை. 40 முதல் 120 வரை ஓர் ஆடு; 121 முதல் 200 வரை இரண்டு; 201 முதல் 399 வரை மூன்று; 400 முதல் நூற்றுக்கு ஒன்று. இவ்வேற்பாட்டை உற்று நோக்குக. நாற்பதை எட்டாத மந்தையை வாழ்வுக்கான கருவியாகவும், எட்டியதைச் செல்வமாகவும் சட்டம் மதித்துள்ளது.

ஸகாத் வாங்குவோருக்கு உமர் (ரலி) அவர்கள் வகுத்த முறையிலும் ஆட்டு மந்தையின் உள்ளியல் தெரிகின்றது. மேய்ப்பன் தோளில் தூக்கி வரும் இளங்குட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் அதனை ஸகாத்தாக வாங்கக் கூடாது. குட்டிக்குப் பால் கொடுக்கும் தாயாடு, நிறைசினை ஆடு, இறைச்சிக்கெனக் கொழுக்க வளர்த்த ஆடு, பொலிகிடா இந்நான்கையும் வாங்கக் கூடாது. மிகச் சிறந்ததும் வேண்டா, மிக எளியதும் வேண்டா; நடுத்தரமே போதும். மந்தையின் மறு ஆண்டு எவற்றின்மேல் நிற்கின்றதோ அவற்றை அரசு தொடலாகாது என்பதே இதன் கருத்து.

ஷாஃபியீ மத்ஹபின் நூல்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. இருவர் மூவர் தம் ஆடுகளைச் சேர்த்து மேய்த்தால் அவை ஒரே மந்தையாகக் கொள்ளப்படும். ஆளுக்கு 40 ஆடுகள் உடைய மூவர் தனித்தனியே நின்றால் மூன்று ஆடுகள் கொடுக்க வேண்டும். சேர்ந்து 120 ஆக நின்றால் ஒன்றே போதும். அவ்வாறு சேர்ந்ததாகக் கருதப்பட இரவுக் கிடை, மேய்ச்சல் நிலம், நீர்த்துறை, மேய்ப்பன், பொலிகிடா, பால் கறக்கும் இடம் ஆகியன ஒன்றாயிருத்தல் வேண்டும் என்று ஃபிக்ஹு நூலார் எண்ணி உரைக்கின்றனர். பாலைவனத்தில் ஒரு மந்தையின் வாழ்க்கை எவற்றால் ஆனது என்பதற்கு இதைவிடச் செறிவான விளக்கத்தை நாம் கண்டதில்லை.

இனி, ஸகாத் கடமையாவதற்கு ஷாஃபியீ, ஹனஃபீ நூல்கள் ஒரு நிபந்தனை வைக்கின்றன. மந்தை 'ஸாயிமா'வாக இருத்தல் வேண்டும். அதாவது பொது மேய்ச்சலில் தானே மேய்ந்து வாழ்வதாக இருத்தல் வேண்டும். உடையவன் தீனி வாங்கிப் போட்டு வளர்ப்பது இதில் அடங்காது. இச்சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

ஆட்டைப் பற்றி அரபியருக்கு இருந்த சொல்வளமும் சிறிதன்று. பஸராவின் மொழியறிஞர் அல் அஸ்மயீ ஆடுகளுக்கென்றே 'கிதாபுஷ் ஷாஉ' என்னும் தனி நூல் எழுதினார். செம்மறிக்கு 'ளஃன்', வெள்ளாட்டுக்கு 'மஅஸ்', இரண்டுக்கும் பொதுவாக 'கனம்'. பெண் செம்மறி 'நஃஜா', கிடா 'கப்ஷு', புதிதாய்ப் பிறந்த குட்டி 'ஸக்லா'. குர்பானி பாடத்தில் நாம் ஓதும் 'ஜதஉ', 'ஸனிய்யு' என்பனவும் வயதுப் பெயர்களே. 'ஸனிய்யு' என்பது முன்பல் விழுந்து முளைத்ததைக் குறிக்கும். நம் நாட்டுச் சந்தைகளில் இரண்டு பல் கிடா, நாலு பல் கிடா என்று வாயைத் திறந்து பார்த்து விலை பேசுவது போன்றதே இது. நூலில் படித்த சொல் சந்தையில் பல்லாக நிற்பதைக் காணும்போதுதான் பாடம் முழுமையடைகின்றது.

கொழுப்பு வால்

அவ்வாடுகள் எத்தகையன? ஷாம், இராக், ஜோர்தான் பகுதிகளின் பழைய நாட்டினம் 'அவாஸீ'. வளைகுடா நாடுகளில் இதனை 'நயீமீ' என்பர். வெண்ணிற உரோமம், பழுப்பு நிறத் தலை, தொங்கும் நீண்ட செவி, அகன்ற கொழுப்பு வால் ஆகியன இதன் அடையாளங்கள். கிடாவுக்குக் கொம்புண்டு, பெண்ணாடு பெரும்பாலும் கொம்பற்றது. நஜ்துப் பகுதியின் 'நஜ்தீ' இனமோ கரிய நீண்ட மயிரும் வெண்முகமும் உடையது. ஹிஜாஸில் 'ஹர்ரீ' என்னும் இனம் உண்டு.

கொழுப்பு வால் ஆட்டின் வரலாறு மிகப் பழையது. இராக்கின் உருக் நகரில் கிடைத்த சுமார் 5000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கலத்தில் அதன் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அரபு நாட்டில் வியத்தகு வாலுடைய இருவகைச் செம்மறிகள் உள்ளன என்றும், நீண்ட வாலை உடைய ஆட்டின் வால் தரையில் உராய்ந்து புண்ணாகாதபடி இடையர் அதன் கீழே சிறு வண்டி செய்து கட்டுவர் என்றும் எழுதினார். வண்டிக் கதை எவ்வாறாயினும் வால் உண்மை.

அவ்வாலை அரபியர் 'அல்யா' என்பர். ஒட்டகத்துக்குத் திமில் எதுவோ அதுவே இவ்வாட்டுக்கு வால். பசும்புல் மலிந்த இளவேனிலில் தின்றது அங்கே கொழுப்பாகச் சேர்கின்றது; புல் கருகிய வேனிலிலும் இலையுதிர் காலத்திலும் அக்கொழுப்பு கரைந்து உடலைக் காக்கின்றது. ஆகவே வாலைப் பார்த்தே ஆண்டைக் கணிக்கலாம். வால் பெருத்தால் மழை பெய்த ஆண்டு. வால் சுருங்கினால் வறண்ட ஆண்டு. இப்படியொரு சேமிப்பை உடலிலேயே சுமக்கும் இனம், நல்ல மேய்ச்சலும் மெலிந்த மேய்ச்சலும் மாறி மாறி வரும் நிலத்துக்கென்றே உருவானது. நல்ல பருவம் ஒன்றாவது முறையாக வாய்த்தால் மற்றவற்றை அது தாங்கிக்கொள்ளும். அந்த ஒரு பருவமும் தவறினால் சேமிப்பு இல்லை.

விண்மீன் பார்த்து மேய்த்த ஆண்டு

ஹிஜ்ரி மாதங்கள் பிறையைப் பின்பற்றுவன. பருவங்களோடு பிணைந்து நிற்பன அல்ல. ஆதலின் இடையனுக்கு வேறொரு நாட்காட்டி தேவைப்பட்டது. அதனை அவன் வானில் வாசித்தான். ஹிஜ்ரி 276இல் மறைந்த இப்னு குதைபா 'கிதாபுல் அன்வாஉ' என்னும் நூலில் அரபியரின் இவ்விண்மீன் அறிவைத் தொகுத்துள்ளார். இன்றளவும் பதவியர் வாய்வழக்கில் இக்கணக்கு வாழ்கின்றது.

ஆகஸ்டு மாத இறுதியில் தென்வானில் விடியலுக்கு முன் 'சுஹைல்' தோன்றும். நம் முன்னோர் அகத்தியன் என்று அழைத்த மீனே அது. சுஹைல் தோன்றினால் இரவு குளிரத் தொடங்கும் என்பது மேய்ப்பரின் முதற் பாடம். அக்டோபர் நடுவில் 'வஸ்மீ' தொடங்கும். ஐம்பத்திரண்டு நாட்கள் நிற்கும் அப்பருவத்தின் மழைக்கும் அதுவே பெயர். 'வஸ்மு' என்றால் சூட்டுக்குறி. நிலத்தின்மேல் பசுமையைப் பொறிப்பதால் மழை அப்பெயர் பெற்றது. அதனைத் தொடர்ந்து வரும் மழை 'வலீ'. வஸ்மீ வாய்த்த ஆண்டில்தான் பாலைநிலத்தில் 'கம்ஃ' என்னும் நிலக்காளான் விளையும். டிசம்பர் 7ஐ ஒட்டி 'மர்பஆனிய்யா' என்னும் நாற்பது நாட் கடுங்குளிர் வரும். ஷாம் நாட்டில் அதன்பின் பிப்ரவரி தொடங்கி மார்ச்சு 21 வரை ஐம்பது நாட்களை நான்கு 'ஸஃது'களாகப் பகுப்பர். ஒவ்வொன்றும் பன்னிரண்டரை நாட்கள். முதல் ஸஃதில் குளிர் கொல்லும். இரண்டாவதில் நிலம் மழையை விழுங்கும். மூன்றாவதில் மரங்களில் நீரோட்டம் ஏறும். நான்காவதில் மறைந்திருந்த ஊர்வன வெளிவரும் என்பர்.

இந்நாட்காட்டியில் ஆட்டின் வாழ்வு எவ்வாறு பொருந்துகின்றது என்று காண்போம். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். கோடையில் கிடா சேர்ந்த ஆடுகள் குளிர்காலத்தில் ஈனும். மர்பஆனிய்யாவின் குளிரில் பிறந்த குட்டிகளை இரவில் 'பைத்து ஷஅர்' என்னும் மயிர்க் கூடாரத்துக்குள் மனிதரோடு கிடத்துவர். வெள்ளாட்டு மயிரால் நெய்த அக்கூடாரத் துணி நனைந்தால் இழைகள் பருத்துத் துளைகள் அடைபட்டு மழை உள்ளிறங்காது. குட்டிகள் வாய் வைக்கத் தொடங்கும் வேளையில் ஸஃதுகள் முடிந்து பசும்புல் எழுந்திருக்கும். பதவியர் பேச்சில் 'ரபீஉ' என்றால் இளவேனில் மட்டுமன்று, அப்புல்லும் அதுவே.

அதுவே பாலின் காலம். தாயாடுகளை இரு வரிசையாக, தலையோடு தலை எதிரெதிர் நிற்கும்படி ஒரே கயிற்றில் பிணைத்துப் பெண்கள் பின்னிருந்து கறந்துகொண்டே செல்வர். தோற்பையில் தயிரைத் தொங்கவிட்டு ஆட்டிக் கடைந்து வெண்ணெயும் நெய்யும் எடுப்பர். கடைந்து எஞ்சியதை உப்பிட்டு உருட்டி வெயிலில் காயவைத்தால் 'ஜமீது'. கல் போன்ற அவ்வுருண்டை ஓராண்டுக்கும் கெடாது. ஏப்ரல், மே மாதங்களில் உரோமம் கத்தரிப்பர். ஜூன் மாதம் வயல்களில் கோதுமையும் வாற்கோதுமையும் அறுவடையானதும் மந்தைகள் பாலைவெளியை விட்டு மேற்கே அரிதாள் காடுகளுக்குச் செல்லும். உழவனுக்கு எரு, இடையனுக்குத் தாள். நம் நாட்டில் வயலில் கிடை அமர்த்துவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இவ்வொழுங்கு அனைத்தும் ஒரே ஒரு மெல்லிய முடிச்சில் தொங்குகின்றது. மழைக்குப்பின் முளைத்த புல், வேரூன்றிப் பூத்து விதை சிந்தும் வரையில் சில வாரங்கள் தீண்டப்படாமல் இருக்க வேண்டும். பாலைநிலத்தின் 'ஷீஹு', 'ரவ்தா' முதலிய குறுஞ்செடிகளுக்கும் அவ்வாறே. முளைத்த அன்றே மந்தை நுழைந்தால் அவ்வாண்டு பசி தீரும். அடுத்த ஆண்டு விதை இல்லை. எனவே இடையனுக்கு மேய்ப்பது எத்துணை முக்கியமோ, மேய்க்காமல் பொறுத்திருப்பதும் அத்துணை முக்கியம். ஆனால் ஒருவன் பொறுத்திருக்க மற்றவன் மேய்த்துவிட்டால் பொறுத்தவன் ஏமாளி ஆவான். பொறுமையைத் தனி ஒருவரால் காக்க இயலாது; அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாட்டின் பெயரே 'ஹிமா', அதாவது காவல் நிலம்.

குலைபின் நாய்

ஹிமா என்னும் சொல்லுக்கு இரு வரலாறுகள் உண்டு. முதலாவது இருண்டது. அறியாமைக் காலத்தில் குலத்தலைவன் ஒருவன் செழிப்பான இடத்தை அடைந்தால், மேட்டில் ஒரு நாயைக் குரைக்கச் செய்து, அக்குரைப்பொலி எட்டும் எல்லை வரை தனக்கே உரியது என்று அறிவிப்பான் என இமாம் ஷாஃபியீ (ரஹ்) விளக்குகின்றார்கள். தன் எல்லைக்குள் பிறரை விடமாட்டான். பிறர் மேய்க்கும் பொது வெளியிலோ தானும் மேய்ப்பான். தக்லிபு குலத் தலைவன் வாயில் என்பவன் இதில் பேர்பெற்றவன். நாய்க்குட்டி என்னும் பொருள்படும் 'குலைப்' என்ற பெயரே அவனுக்கு நிலைத்தது.

அக்குலைபின் காவல் நிலத்தில் ஸராப் என்னும் பெண் ஒட்டகம் வழிதவறி நுழைந்தது. பஸூஸ் என்னும் மூதாட்டியின் அடைக்கலத்தில் இருந்த விருந்தினனுடையது அது. குலைப் அதன் மடியில் அம்பெய்தான். அதற்குப் பழியாக அவன் மைத்துனன் ஜஸ்ஸாஸ் அவனையே கொன்றான். பக்ருக்கும் தக்லிபுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் நடந்ததாகச் சொல்லப்படும் பஸூஸ் போர் இவ்வாறு மூண்டது. புல்லுக்காக எழுந்த போர் என்று இதனைச் சொல்வதைவிட, புல்லை ஒருவன் தனதாக்கியதால் எழுந்த போர் என்பதே சரி.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தை வேரறுத்தார்கள். அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் அன்றி எவருக்கும் காவல் நிலம் இல்லை என அவர்கள் அறிவித்ததை ஸஅபு இப்னு ஜஸ்ஸாமா (ரலி) அறிவிக்கின்றார்கள். இதன் பொருள் காவலே கூடாது என்பதன்று. தனி ஒருவரின் செல்வாக்குக்காகக் காவல் கூடாது என்பதாம். மதீனாவுக்கு அருகே நகீஉ என்னுமிடத்தைப் பெருமானார் (ஸல்) அவர்களே பொதுமக்களின் குதிரைகளுக்காகக் காவல் நிலமாக்கினார்கள். நாயின் குரைப்பு நின்றது, பொதுநலன் எல்லையாயிற்று.

ஹுனைய் காத்த வாயில்

கி.பி. 634 முதல் 644 வரை ஆண்ட உமர் (ரலி) அவர்கள் ஷரஃபு, ரபதா ஆகிய இடங்களைக் காவல் நிலமாக்கினார்கள். ரபதா மதீனாவுக்குக் கிழக்கே உள்ளது. பொருட் குவிப்பைக் கடிந்துரைத்த அபூதர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 32இல் மறைந்ததும் இவ்வூரிலேதான். அக்காவலில் ஒன்றுக்கே ஹுனைய் அமர்த்தப்பட்டார்.

ஹுனைய்க்குக் கலீபா கூறிய காரணத்தை நோக்குவோம். பெருஞ்செல்வர் இருவரின் கால்நடைகள் அழிந்தால் அவர்கள் பேரீச்சந் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் திரும்பிவிடுவர். சின்னஞ்சிறு மந்தையுடையவனின் ஆடுகள் அழிந்தால் அவன் தன் மக்களை அழைத்துக்கொண்டு ஆட்சியாளரிடம் வந்து நிற்பான். அவனைக் கைவிட முடியுமா? அந்நிலையில் பொன்னும் வெள்ளியும் ஈவதைவிட இன்று தண்ணீரும் புல்லும் ஈவது எளிது. கலீபா உரைத்ததன் சாரம் இது. அதன்பின் அவர்கள் கூறியது இன்னும் உருக்கமானது: இந்நிலத்தவர் தமக்கு நாம் அநீதி இழைத்ததாக எண்ணுகின்றனர், இது அவர்களின் நிலமே, அறப்பணிக்கான கால்நடைகள் இல்லாதிருப்பின் ஒரு சாண் நிலத்தையும் காவலில் வைத்திருக்க மாட்டோம் என்னும் கருத்துப்பட உரைத்தார்கள்.

மக்களை அழைத்துக்கொண்டு வருவான் என்பது வெறும் கற்பனையன்று. அவ்வாட்சியில்தான், ஹிஜ்ரி 18இல், 'ஆமுர் ரமாதா' என்னும் சாம்பல் ஆண்டு வந்தது. மழை பொய்த்தது, காற்று சாம்பல் போன்ற புழுதியை வாரி வீசிற்று, கால்நடை மடிந்த பதவியர் மதீனாவை நோக்கிக் கூட்டங்கூட்டமாக வந்தனர். மக்கள் பஞ்சம் தீரும் வரை நெய்யும் இறைச்சியும் உண்ண மாட்டேன் என்று இருந்தவர் உமர் (ரலி).

இங்கே நம் மாணவர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். புல் எல்லாருக்கும் பொது என்பது உண்மை. ஆனால் பொதுவெளி திறந்து கிடக்கும்போது முதலில் வருபவர் யார்? ஆள்பலமும் மந்தைப் பெருக்கமும் உடையவர். ஆயிரம் ஆடுகள் ஒரு பொழுது மேய்ந்து சென்ற இடத்தில் முப்பது ஆடுகளுக்கு ஒரு வாய் கிடைக்காது. வாயில் இல்லாத வெளியில் இருவரும் சமம் என்பது பெயரளவிலேயே. உமர் (ரலி) அவர்கள் அளந்தது உரிமையை மட்டுமன்று, இழப்பையும். ஒரே வறட்சி ஒருவருக்கு நட்டம்; மற்றவருக்கு வாழ்வின் முடிவு. அவ்வேற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்காத சமநிலை எளியவனுக்கு அநீதியாகவே முடியும்.

இன்னும் ஒன்று. தடுக்கப்பட்டோர் சமுதாயத்தின் தலைசிறந்த இருவர். அவர்களில் ஒருவர் அடுத்த கலீபா. தடுப்பவரோ 'மவ்லா', அதாவது விடுதலை பெற்ற அடிமை. அத்தகையவர் கையில் வாயிலைக் கொடுத்துப் பெரியோரின் பெயர்களை வெளிப்படையாகச் சொல்லி அனுப்பினாலன்றி அக்காவல் நடந்திராது. பெயர் சொல்லப்படாத சட்டம் பெரியவரைக் கண்டால் வளைந்துவிடும்.

பிற்கால அறிஞர்கள் இதனை நெறியாக்கினர். கி.பி. 1058இல் மறைந்த அல் மாவர்தீ தம் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் கூறுவதன் கருத்து: காவல் நிலம் அனைவருக்கும் என்றால் செல்வரும் ஏழையரும் அதில் சமம், ஏழையர்க்கென ஒதுக்கினால் செல்வரை அதிலிருந்து விலக்கலாம், செல்வர்க்கென மட்டும் ஒதுக்குதல் ஒருபோதும் கூடாது. குலைபுக்கும் ஹுனைய்க்கும் இடையே உள்ள தொலைவு இம்மூன்று விதிகளில் அடங்கிவிட்டது.

1953க்குப் பின்

ஹிஜாஸ், அஸீர் மலைப் பகுதிகளில் ஊர்தோறும் குலந்தோறும் காவல் நிலங்கள் இருபதாம் நூற்றாண்டு வரை வாழ்ந்தன. தாயிஃபைச் சூழ்ந்த மலைகள் அவற்றுக்குப் பேர்பெற்றவை. 1960களில் அவற்றை ஆராய்ந்த எகிப்திய அறிஞர் உமர் தர்ராஸ் அவற்றை ஐவகையாகப் பகுத்தார். சிலவற்றில் மேய்க்கக் கூடாது, வறட்சியில் புல் அறுத்துச் செல்லலாம். சிலவற்றில் குறித்த பருவத்தில் மட்டும் மேய்க்கலாம். சிலவற்றில் ஆண்டு முழுதும் மேய்க்கலாம், ஆனால் ஆடுகளின் வகையும் தொகையும் வரையறுக்கப்பட்டவை. சில தேனீக்களுக்கானவை, பூக்கும் காலம் கழிந்த பின்னரே மந்தை நுழையும். சில மரங்களைக் காப்பதற்கானவை. எந்த வகையைப் பார்த்தாலும், பொறுத்திருக்கும் காலத்தை ஊரார் கூடிக் காத்தனர் என்பதே பொது இயல்பு.

1953இல் சவூதி அரசாணை ஒன்று ஹிமாக்களை நீக்கி மேய்ச்சல் வெளிகளை அனைவருக்கும் திறந்தது. அதன் நோக்கத்தைக் குறைகூறுதல் முறையன்று. குலச் சண்டைகள் ஓய்ந்து ஒரே நாடாக ஆன நிலத்தில் குலத்துக்கொரு வேலி ஏன் என்று அரசு எண்ணியது. குலைபின் வேலிகளும் அவற்றிடையே இருந்திருக்கலாம். ஆனால் குலைபின் வேலியோடு ஹுனையின் வாயிலும் பெயர்த்தெறியப்பட்டது. சிரியாவிலும் 1958இல் பதவிய குலங்களுக்கான தனிச் சட்டம் நீக்கப்பட்டது. அதனோடு மேய்ச்சலைப் பங்கிடும் குல அதிகாரமும் தளர்ந்தது. அவ்வாண்டு தொடங்கி 1961 வரை நீடித்த வறட்சியில் மந்தைகள் பெருமளவு மடிந்தன.

அக்காலத்திலேயே லாரியும் வந்தது. முன்னெல்லாம் மழை பெய்த செய்தி கேட்டு மந்தை நடந்து சேர்வதற்குள் புல் சற்றே வளர்ந்திருக்கும். நடையின் தாமதமே புல்லுக்குக் காவல். லாரியில் ஏற்றிய ஆயிரம் ஆடுகள் மறுநாளே போய் இறங்கின; தண்ணீர் வண்டி பின்னே சென்றது. நீரின்மையால் இயல்பாகவே ஓய்ந்து கிடந்த நிலங்களும் ஓய்விழந்தன. புல் குறைந்தபோது அரசுகள் மானிய விலையில் வாற்கோதுமை வழங்கின. அது இரக்கத்தால் விளைந்ததே. ஆயினும் தீனியால் தாங்கப்பட்ட மந்தைகள் நிலம் தாங்கும் அளவுக்கு மேல் பெருகின. ஜோர்தானில் 1990களின் பிற்பகுதியில் தீனி மானியம் நீங்கியபோது பலர் ஆடுகளை விற்க நேர்ந்தது. லாரி வாங்க இயலாத சிறு மந்தையாளர் பலர் தம் ஆடுகளை விற்றுவிட்டுப் பெரு மந்தையாளரிடம் கூலிக்கு மேய்ப்பராயினர்.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன 'ஸாயிமா' என்னும் சொல்லுக்கு இப்போது வருவோம். ஆண்டின் பெரும்பகுதியும் மூட்டைத் தீனியில் வாழும் மந்தை, ஆயிரம் ஆடுகள் கொண்டதாயினும், ஷாஃபியீ, ஹனஃபீ சட்டப்படி ஸாயிமா அன்று. கால்நடை ஸகாத்தின் கணக்கிலிருந்தே அது விலகி நிற்கும். வணிகப் பொருளாயின் வேறு கணக்கு. வெளி வறண்டபோது புல் மட்டும் போகவில்லை. நாற்பதுக்கு ஒன்று என ஏழைக்குச் சென்ற பங்கும் அதனோடு போயிற்று. ஃபிக்ஹு நூலின் ஒரு பாகம் தன் நிலத்தை இழந்து நிற்பதை ஆலிம்கள் சற்றே சிந்தித்தல் நன்று.

மீட்பு முயற்சிகள் இல்லாமல் இல்லை. உமர் தர்ராஸ் அவர்களே 1960களின் பிற்பகுதியில் சிரியாவில் ஹிமாக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்ற வழிகாட்டினார். பழைய குல உரிமையைக் கூட்டுறவுச் சட்டத்தின் உடையில் மீட்டெடுத்த அறிவுடைய செயல் அது. எனினும் 2006 முதல் 2010 வரையிலான கொடிய வறட்சியும், 2011க்குப் பின் மூண்ட போரும் அந்நாட்டு மேய்ப்பரைச் சிதறடித்தன. லெபனானில் 2004இல் இபிலுஸ் ஸகீ என்னும் ஊரில் தொடங்கி ஹிமா முறை புத்துயிர் பெற்றது. ஜோர்தானில் ஸர்கா ஆற்றுப் படுகையில் பனூ ஹாஷிம் ஊரார் ஒரு நிலத்தைத் தாமே அடைத்துக் காத்து, செடி தழைத்த பின் அளவோடு திறக்கும் முறையைக் கையாண்டனர். ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பருக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு பெயர் சூட்டுவது எளிது. வாயிலில் ஆள் நிறுத்துவது அரிது.

மாணவருக்கு ஒரு சொல்

அரபியில் மேய்ப்பன் 'ராயீ'. மேய்க்கப்படும் மந்தை 'ரஇய்யத்'. ஆளப்படும் மக்களுக்கும் அதுவே பெயர். பாரசீகம், உருது வழியே அச்சொல் நம் நாட்டுக்கும் வந்து 'ரயத்து' ஆயிற்று. ரயத்துவாரி என்று பட்டாவிலும் பதிவேட்டிலும் ஏறியது. உழவனைக் குறிக்கும் அச்சொல்லுக்குள் ஓர் ஆட்டு மந்தை மேய்ந்துகொண்டிருக்கின்றது என்பதை வருவாய்த்துறையார் அறிந்திருப்பரோ, என்னவோ! நம் ஊர்களில் மேய்க்கால் புறம்போக்கு என்று பெயரெழுதிய நிலங்களும் உண்டு. அவற்றின் வாயிலில் நிற்பவர் குலைபின் ஆளா, ஹுனையா என்று அவ்வவ்வூரார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று வினவிய மாணவருக்கு இப்போது நாம் சொல்வது இதுவே. தம்பி, நீர் கேட்டது சரியான கேள்வி. ஏழைக்கு ஒரு நீதி, செல்வருக்கு ஒரு நீதி என்பதன்று அச்செய்தி. பொதுவான ஒன்றைப் பொதுவாகவே வைத்திருப்பதற்கு அதன் வாயிலில் ஒருவர் நின்று, உம் மந்தை எத்தனை என்று கேட்க வேண்டியிருக்கின்றது. எண்ணிக்கை கூடியவரிடம் சற்றுப் பொறும் என்று சொல்ல வேண்டியிருக்கின்றது. அவ்வாறு சொல்ல ஆளில்லாத இடத்தில் முதலில் மறைவது புல்லன்று. முப்பது ஆடுகளோடு பின்னே வருபவன்.

அன்று ஏட்டைப் புரட்டியதற்கு எம்மைப் பொறுத்தருளும்.